துளை போட்டால்தான் மானியம்

அமெரிக்காவில் பழைய டீசல் லாரியைக் கழித்துவிட்டுப் புகை குறைந்த லாரி வாங்க அரசு மானியம் கிடைக்கும். 2005-ல் அங்கே இயற்றப்பட்ட டீசல் உமிழ்வுக் குறைப்புச் சட்டம்தான் அதற்கு அடிப்படை. அதில் எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை ஒன்று உண்டு. பழைய இன்ஜினின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் அமைந்த உலோக உடலில், 3 அங்குலத் துளை போட வேண்டும், வண்டியைத் தாங்கும் சட்டமான சேசிஸையும் அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இன்ஜின் கைமாறி வேறோர் ஊரில் புகை கக்கிக்கொண்டிருக்கும்.

டீசல் இன்ஜினின் ஆயுள்தான் இங்கே சிக்கல். நன்றாகப் பராமரித்தால் 30 ஆண்டுகூட ஓடும். 2007 முதல் வந்த லாரி இன்ஜின்களுக்கு அங்கே கடுமையான புகை வரம்பு உண்டு, ஆனால் அது புதிய இன்ஜின்களுக்குத்தான். பழைய வண்டியில் புகையை வடிகட்டும் ஃபில்டர் மாட்டினால் உரிமையாளருக்கு டீசல் மிச்சமாகாது, கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும். பலன் சாலையோரம் வாழ்பவர்களின் நுரையீரலுக்கு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் வகைப்படுத்தியது. ஆகவே இந்தச் செலவைப் பொதுப்பணம் ஏற்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

சரி, அந்தப் புகை எப்படி உண்டாகிறது? டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீய்ச்சும் டீசலின் நடுவே ஆக்ஸிஜன் போதாமல் கரித்துகள் உருவாகும். ஓரத்தில், தீ மிகச் சூடாக இருக்கும் இடத்தில், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகும். சூட்டைக் குறைத்தால் இவை குறையும், கரி கூடும். சூட்டைக் கூட்டினால் நேர்மாறு. அதனால் புகை வெளியேறும் வழியிலும் இரண்டையும் மடக்க வேண்டியிருக்கிறது.

கரியைப் பிடிப்பது தேன்கூடு போன்ற பீங்கான் ஃபில்டர். அதன் குழாய்களில் ஒன்றுவிட்டு ஒன்றின் வாய் அடைபட்டிருக்கும். புகை நுண்துளைச் சுவரைக் கடந்துதான் வெளியேற முடியும். கரியில் 85 சதவீதத்துக்கும் மேல் அங்கேயே தங்கிவிடும். தங்கியதை எரிக்காவிட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். கரி எரிய சுமார் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிளாட்டினம் வினையூக்கி உண்டாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு உதவினால் 300 டிகிரி அளவிலேயே எரியும். நெடுஞ்சாலை லாரிக்கு இது எளிது. தெருவுக்குத் தெரு நின்று போகும் குப்பை லாரியின் புகை அவ்வளவு சூடாவதில்லை. அதனால்தான் ஃபில்டர் பொருத்தும் முன்பே புகையின் வெப்பத்தைப் பதிவுசெய்து பார்க்கிறார்கள். சூடு போதாவிட்டால் மின்சாரத்தாலோ தனி பர்னராலோ சூடேற்றும் வகையைத் தேட வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு யூரியா கரைசல். அது புகையில் அம்மோனியாவாகி, வினையூக்கியின் மேல் அவற்றை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும்.

பழைய வண்டியில் மாட்டும் இத்தகைய கருவிகளிலும், மானியம் பொதுவாகச் சோதித்துச் சான்று பெற்றவற்றுக்கே. புதுக் கருவி சான்று பெற வேண்டுமென்றால் நிஜ வண்டியில் உழைத்துக் காட்ட வேண்டும். சான்றில்லாததைக் காசு கொடுத்து மாட்ட யார் முன்வருவார்? இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வளர்ந்துவரும் தொழில்நுட்பங்களுக்கென்று தனி மானியம் ஒதுக்கியது.

யாருக்கு எவ்வளவு என்பதைக் கணக்கிட, 1998-ல் தொடங்கிய கலிஃபோர்னியா மாநிலத்தின் கார்ல் மோயர் மானியத் திட்டம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. குறையும் நைட்ரஜன் ஆக்சைடுகள், ஹைட்ரோகார்பன்கள், அப்புறம் கரித்துகளின் 20 மடங்கு, எல்லாவற்றையும் கூட்டி, ஒரு டன்னைத் தவிர்க்க எத்தனை டாலர் ஆகிறது என்று பார்க்கிறார்கள். நுண்ணிய கரி உடலுக்குச் செய்யும் கேடு அவ்வளவு பெரியது என்பதால்தான் அந்த 20. சட்டம் எப்படியும் கட்டாயப்படுத்தும் குறைப்புக்குப் பணம் கிடையாது. ஆண்டில் அதிக நேரம் ஓடும் பாசன பம்ப் இன்ஜினும் இழுவைப் படகும், எப்போதாவது ஓடும் லாரியை இந்தக் கணக்கில் முந்திவிடும்.

ஆனால் டன் கணக்கு மட்டும் போதாது. அந்தப் புகையை யார் சுவாசிக்கிறார்கள் என்பது அதில் வராது. அதனால் 2001-ல் கலிஃபோர்னியாவில் இன்னொரு சட்டம் வந்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் காற்றுத்தர மாவட்டங்கள் (காற்று மாசைக் கட்டுப்படுத்தும் வட்டார அமைப்புகள்), மானியத்தில் குறைந்தது பாதியை, மாசு அதிகம் தாக்கும் ஏழைகளும் சிறுபான்மையினரும் வாழும் பகுதிகளில் செலவிட வேண்டும்.