தரையில் சிந்திய ரத்தத்தை யார் துடைக்கிறார்கள்?

போன வருடம் ஒரு நாள், ஓ.பி. முடிகிற நேரத்தில் ஒரு அம்மா வந்தார். தனியார் பள்ளி ஒன்றில் ஆயா. ஆள்காட்டி விரலை நீட்டி, "ஊசி குத்திருச்சு டாக்டர், டிடி மட்டும் போட்டு விடுங்க" என்றார். வகுப்பறைக் குப்பைக்கூடையைப் பெரிய கவரில் கவிழ்த்துக் கையால் அமுக்கும்போது குத்தியிருக்கிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிற பேனாவில் மாட்டும் சின்ன ஊசி. ரத்தம் வந்ததும் விரலை வாயில் வைத்துச் சப்பியிருக்கிறார், அப்புறம் மஞ்சள் தூளை வைத்து அமுக்கியிருக்கிறார்.

"என்னைக்குக் குத்துச்சு?"

"வெள்ளிக்கிழமைங்க."

அன்று செவ்வாய்க்கிழமை.

ஊசி குத்தியவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்பதை டாக்டர் உடனே பார்த்து முடிவு செய்ய வேண்டும். தேவை என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது உத்தமம், 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். குப்பையில் கிடந்த சின்ன ஊசியால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, அதனால் அந்தக் கவலை எனக்குப் பெரிதாக இல்லை. என் கவலை மஞ்சள் காமாலை 'பி', அதாவது ஹெபடைடிஸ் பி.

காமாலை என்றாலே தண்ணீரால் வருவது என்று நம் ஊரில் நினைப்பு. அது 'ஏ', 'இ' வகை. 'பி'யும் 'சி'யும் ரத்தத்தால் பரவுபவை. 'பி' கிருமி காய்ந்த ரத்தத்தில், உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரைகூட உயிரோடு இருக்கும். கிருமி உள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி இன்னொருவரைக் குத்தினால், எச்.ஐ.வி. பரவுவது சுமார் 300 தடவைக்கு ஒரு தடவை. 'பி' என்றால், தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். ஆனால் பள்ளிகளில் பேசப் போனால் கேள்வி எல்லாம் எய்ட்ஸைப் பற்றித்தான் வரும். காமாலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அந்த அம்மாவிடம் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். "சின்ன வயசுல அம்மை குத்துனாங்க" என்று தோளைக் காட்டினார்.

இதுதான் நம் பள்ளிகளின் நிலைமை. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 'பி' தடுப்பூசி நாடு முழுக்க வந்தது 2011-ல்தான். இன்றைக்கு வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் போட்டிருப்பார்கள். அவர்கள் சிந்துகிற ரத்தத்தைத் துடைக்கிற ஆயா, தூக்கிக்கொண்டு ஓடுகிற பி.டி. மாஸ்டர், பஸ்ஸில் வருகிற அட்டெண்டர் அம்மா, இவர்களில் பலர் போட்டதே இல்லை. மூன்றே ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. பெரிய செலவும் இல்லை. ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுகிற நிர்வாகம் இதைத் தாராளமாகச் செய்யலாம். 'சி'க்குத் தடுப்பூசி கிடையாது. வந்தால் குணப்படுத்த மாத்திரை உண்டு, 2018 முதல் தேசியத் திட்டத்தில் இலவசமாகவே தருகிறார்கள்.

அன்று மாலையே பள்ளியிலிருந்து போன். முதல் கேள்வியே, "அந்த ஊசி போடுற பிள்ளைக்கு வேற ஏதாவது இருக்குமா சார்? டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லலாமா?" கூடாது என்று சொன்னேன். சர்க்கரை உள்ள பிள்ளை பள்ளியில் ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும். எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பரிசோதித்து வரச் சொல்லவோ, இருந்தால் பள்ளியில் சேர்க்க மறுக்கவோ 2017-ம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்காது. சட்டத்தை விட்டாலும் அந்த விசாரணையால் பிரயோஜனம் இல்லை. 'பி' இருக்கிற பலருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. எல்லார் ரத்தத்தையும் ஒரே மாதிரி நினைத்துத் தொட்டால் போதும், யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஊசிக்கு, மூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அந்தப் பிள்ளை கையில் கொடுங்கள் என்றேன். நிறைந்ததும் அதை மருத்துவமனையில் கொடுத்துவிடலாம்.

வியர்வை, எச்சில், கண்ணீர், சிறுநீர், வாந்தி இவற்றில் ரத்தம் கலக்காத வரை இந்தக் கிருமிகளுக்காகப் பயப்படத் தேவையில்லை. சேர்ந்து சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம்.

கபடியில் புருவம் கிழிந்து ஒரு பையன் வருகிறான் என்று வையுங்கள். மாஸ்டர் கையில் ஏற்கெனவே ஒரு சிராய்ப்பு இருக்கும், அதைக் கவனிக்காமல் வெறும் கையால் அமுக்குவார். பதற்றத்தில் யாரும் செய்வதுதான். அதற்கு ஒரு சுலப வழி உண்டு: "உன் கைக்குட்டையை வெச்சு நீயே அழுத்திப் பிடிடா". பெரிய பிள்ளைகள் நன்றாகவே செய்வார்கள். மூக்கில் ரத்தம் வந்தாலும் அப்படித்தான், குனிந்து உட்கார்ந்து தன் மூக்கைத் தானே பத்து நிமிடம் பிடித்துக்கொள்ளலாம். கையுறை இல்லையென்றால் சுத்தமான கேரி பேக்கைக் கையில் மாட்டிக்கொண்டு தொடுங்கள்.

தரையைத் துடைப்பதில்தான் தவறு அதிகம். ஈரத்துணியால் இழுத்து, அதே வாளியில் அலசி, அடுத்த வகுப்பையும் துடைத்துவிடுவார்கள். பினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்று நினைப்பு. கையுறை போட்டு, ரத்தத்தின் மேல் பழைய செய்தித்தாளைப் போட்டு மூடி, பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம், அன்றன்று கரைத்தது. அப்புறம் வழித்தெடுத்துக் கவரில் கட்டிப் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவலாம். கழிவறை ஆசிட்டை மட்டும் இதோடு கலந்துவிடாதீர்கள், வருகிற புகை நெஞ்சை அடைக்கும்.

ஊசி குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், டெட்டால் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு அங்குள்ள நம்பிக்கை மையம் இருக்கிறது, 1097 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையில் எதுவும் இல்லை. அன்றே முதல் தடுப்பூசி போட்டோம். ஆறாவது மாதம் மூன்றாவது ஊசிக்கு வந்தபோது, பள்ளியில் கையுறை வாங்கினார்களா என்று கேட்டேன்.

"வாங்கிட்டாங்க டாக்டர். ரெண்டு பெட்டி. ஆபீஸ் பீரோவுல இருக்கு, சாவி கிளார்க் சார்கிட்ட."