இட்டேரிக்குள் விழுந்த வீடு

எங்கள் அப்புச்சி வாங்கிய இரண்டரை ஏக்கர் காட்டின் கிரயப் பத்திரம் இன்னும் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் காட்டின் படம் எதுவும் கிடையாது. "இதற்குச் செக்குபந்தி" என்று தொடங்கி நாலே வரி. இன்னார் பூமிக்கும் கிழக்கு, தென்வடல் இட்டேரிக்கும் மேற்கு, கிழமேல் வாய்க்காலுக்கும் தெற்கு, இன்னார் தோட்டத்துக்கும் வடக்கு, இதன் மத்தியில் உள்ள பூமி. சின்ன வயதில் படித்தபோது குழம்பிப்போனேன். இட்டேரிக்கு மேற்கு என்றால் இட்டேரி நமக்கு எந்தப் பக்கம்? கிழக்குப் பக்கம்தான். அக்கம்பக்கத்து நிலங்களுக்கு நாம் எந்தத் திசையில் இருக்கிறோம் என்று சொல்லியே பத்திரம் நம் காட்டை அடையாளம் காட்டிவிடுகிறது.

(கொங்குப் பக்கம் வராதவர்களுக்கு: அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா, காடு என்றால் விவசாய நிலம். இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே வண்டியும் மாடும் போக விட்ட ஒடுக்கமான தடம்தான் இட்டேரி. இந்தக் கட்டுரைக்கு அது முக்கியம்.)

இந்தப் பத்திரம் இப்போது நினைவுக்கு வரக் காரணம் அக்கா வீட்டுத் தெருவிளக்கு. 2011-க்கு முன்பு தனிப் பேரூராட்சியாக இருந்து, பிறகு கோவை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி ஒன்றில் அவள் குடியிருக்கிறாள். விளக்கு எரியவில்லை என்று கைபேசிச் செயலி ஒன்றில், வாசலில் நின்றபடியே, இருப்பிடத்தோடு புகார் அனுப்பினாள். "உங்கள் இடம் எந்த வார்டிலும் இல்லை" என்று பதில் வந்தது. வீட்டு வரி மட்டும் எந்த வார்டுக்குப் போகிறது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் செயலி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த கோயம்புத்தூரில் அக்கா வீடு நிஜமாகவே எந்த வார்டிலும் இல்லை.

வார்டு எல்லையும் பத்திரம் மாதிரி எழுத்தில்தான் பிறக்கிறது. வார்டு மறுவரையறை செய்யும்போது வடக்கே இன்ன ரோடு, கிழக்கே இன்ன பள்ளம், தெற்கே ரயில் பாதை என்று அரசிதழில் வார்த்தைகளாக வரும். சட்டப்படி எல்லை அதுதான். அந்த வார்த்தைகளைக் கணினி தரையில் தேடிப் பிடிக்க முடியாது. ஆகவே யாரோ ஒருவர் உட்கார்ந்து, எல்லை ஓடும் வழியெல்லாம் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதவேண்டும். ஒவ்வொரு புள்ளியும் இரண்டு எண்கள், தீர்க்கரேகையும் அட்சரேகையும். கடைசிப் புள்ளி முதல் புள்ளியிலேயே வந்து முடிந்தால் வேலி அடைபட்டது என்று அர்த்தம். கணினிக்கு ஒரு வார்டு என்பது இவ்வளவுதான்: சில நூறு எண் ஜோடிகளும் ஒரு பெயரும்.

எண்களின் வரிசையில் ஒரு குழி இருக்கிறது. பேசும்போது நாம் அட்சரேகையை முதலில் சொல்வோம், கோவை 11.01 வடக்கு, 76.96 கிழக்கு என்று. ஆனால் இணையத்தில் அதிகம் புழங்கும் ஜியோஜேசன் வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில் வரவேண்டும். நான் ஒருமுறை மாற்றிப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தால் கொங்கு நாட்டில் ஒன்றுமே இல்லை. நூறு வார்டுகளும் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே மிதந்துகொண்டிருந்தன.

அடுத்தது தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்கள். ஒரு டிகிரி அட்சரேகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். இரண்டு இலக்கம் எழுதினால் ஒரு கிலோமீட்டர் சொச்சம். காந்திபுரமா கிராஸ்கட் ரோட்டின் மறுகோடியா என்றுகூடப் பிரிக்க முடியாது. நான்கு இலக்கத்தில் 11 மீட்டர், நம் வீடா பக்கத்து வீடா என்ற அளவு. ஐந்தில் ஒரு மீட்டர். அதற்கு மேல் எழுதுவது பெரும்பாலும் வீண். சில கோப்புகளில் பதினைந்து இலக்கம் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஒரு அணுவின் அளவு. வார்டு எல்லையை அணு சுத்தமாக யார் அளந்தார்கள்? 1:5000 அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடே தரையில் இரண்டரை மீட்டர் அகலம். அந்தக் கோட்டின் மேல் சொடுக்கிச் சொடுக்கி எடுத்த எண்களுக்கு வால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் மூலப்படத்தை விட நம்பகம் கூடிவிடாது.

மூலப்படம் என்றதும் சர்வேயரின் புலப்படத்தையும் சொல்லியாகவேண்டும். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எஃப்.எம்.பி என்று ஒரு தாள் உண்டு. கல்லுக்குக் கல் எத்தனை அளவு, குறுக்கே எவ்வளவு என்று அதில் இருக்கும். பழைய தாள்களில் லிங்க் கணக்கு: 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஆயிரம் சதுர லிங்க் சேர்ந்தால் ஒரு சென்ட். நாம் இன்றைக்கும் மனைக்குச் சொல்லும் 435.6 சதுர அடி கணக்கு அந்த இரும்புச் சங்கிலியிலிருந்துதான் வந்தது. இந்தத் தாள் தன் உள்ளளவில் கச்சிதமானது, ஆனால் பூமியில் தான் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. தரையில் உள்ள இரண்டு கற்களாவது உலக வரைபடத்தில் எங்கே என்று தெரிந்தால்தான் தாளை நகர்த்தி, திருப்பி, சரியான அளவுக்கு இழுத்துப் பொருத்த முடியும். மூன்று நான்கு கற்கள் கிடைத்தால் பொருத்தம் சரிதானா என்று சோதித்தும் பார்க்கலாம். கல்லைப் பிடுங்கி மாட்டுக் கொட்டகைக்குப் படி போட்டிருந்தால், சர்வேயர் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொரு தொந்தரவு, பூமி உருண்டை. இந்தியாவின் பழைய நில அளவைப் படங்கள் 1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற நில அளவையாளர் கணக்கிட்ட உருண்டையை வைத்து வரையப்பட்டவை. இன்றைய ஜிபிஎஸ் வேறொரு உருண்டையை நம்புகிறது. மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் எல்லாமே நூறு மீட்டருக்கு மேல் தள்ளி உட்காரும். சரி, உருண்டை ஒத்துப்போனாலும் பரப்பளவு கணக்கிட அதைத் தட்டையாக்கவேண்டும். அதற்காக உலகத்தை ஆறு ஆறு டிகிரி பட்டைகளாக வெட்டியிருக்கிறார்கள். 43-ஆம் பட்டை 78 டிகிரி கிழக்கில் முடிந்து, அங்கேயே 44 தொடங்குகிறது. அந்த 78 டிகிரிக் கோடு கொங்கு நாட்டை நடுவே வகிர்ந்துகொண்டு போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திருச்செங்கோடு 43-இல். சேலம், நாமக்கல், கரூர் 44-இல். ஈரோட்டுக்காரர் தன் பட்டையிலேயே சேலம் வார்டுகளையும் அளந்தால் பெரிய பிழை வராது. இரண்டு ஊர்க் கோப்புகளை, எது எந்தப் பட்டை என்று பார்க்காமல் ஒட்டினால்தான் ஊரே இடம் பெயரும். 19-ஆம் நூற்றாண்டில் லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவையின் முதுகெலும்பும் கிட்டத்தட்ட இதே 78 டிகிரியை ஒட்டித்தான் வடக்கே ஏறியது.

இப்போது அக்காவின் புகாருக்கு வருவோம். கைபேசி ஒரு புள்ளி அனுப்பியது. அது எந்த வார்டு என்று செயலி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காங்கேயம் பக்கம் கொறங்காடு பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், மேய்ந்துகொண்டிருக்கும் மாடு. வேலி வளைந்து நெளிந்து எப்படி வேண்டுமானாலும் போகட்டும். மாடு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்று அறிய அதை ஒரே திசையில் நேராக நடக்க விடுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எத்தனை முறை வேலியைத் தாண்டுகிறது என்று எண்ணினால் போதும். ஒவ்வொரு தாண்டலிலும் உள்ளே இருந்தது வெளியே போகும், வெளியே இருந்தது உள்ளே வரும். நடந்துகொண்டே இருந்தால் கடைசியில் வெளியேதான் போய்ச் சேரும். ஆகவே தாண்டியது ஒற்றைப்படை என்றால் கிளம்பும்போது உள்ளே இருந்திருக்கிறது. இரட்டைப்படை, அல்லது தாண்டவே இல்லை என்றால் வெளியே. கணினி செய்வதும் இதுதான்: அக்காவின் புள்ளியிலிருந்து கிழக்கே ஒரு கோடு விட்டு, வார்டு எல்லையின் ஒவ்வொரு துண்டையும் அது வெட்டுகிறதா என்று எண்ணுகிறது. நூறு வார்டுக்கும் முழுக்க எண்ணத் தேவையில்லை. ஒவ்வொரு வார்டையும் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு வைத்து, புள்ளி செவ்வகத்துக்கே வெளியே என்றால் உடனே ஒதுக்கிவிடும். கோடு மிகச் சரியாக ஒரு மூலைக்கல்லில் பட்டால் என்ன செய்வது என்பது மட்டும் கொஞ்சம் வம்பு. அங்கே சந்திக்கும் இரண்டு துண்டுகளில் எதை எண்ணுவது என்று முன்கூட்டியே விதி வைத்துக்கொள்வார்கள்.

அக்காவின் புள்ளிக்கு நூறு வார்டிலும் விடை இரட்டைப்படை. அப்படியானால் நூறு வேலிகளுக்கும் இடையில் ஏதோ சந்து இருக்கவேண்டும். கோப்பைத் திறந்து அவள் தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. இரண்டு வார்டுகளுக்கு நடுவே, யாரும் விடாத ஓர் இட்டேரி. ஒரு முனையில் ஊசி போல ஒல்லி, நடுவில் ஒரு வீடு நுழையும் அளவு.

இந்த இட்டேரிகள் இரண்டு வழியில் பிறக்கும். ஒன்று, இரண்டு பக்கமும் வேறு வேறு ஆட்கள் வரைந்தது. இவர் ரோட்டின் நடுவே கோடு போட்டிருப்பார், அவர் ரோட்டோரச் சாக்கடையில் போட்டிருப்பார். இரண்டாவது வழி இன்னும் வேடிக்கை. கோப்பு கனமாக இருந்தால் கைபேசியில் திறக்க நேரமாகும், ஆகவே புள்ளிகளைக் குறைப்பார்கள். 1973-இல் டக்ளஸ், பியூக்கர் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்றும் ஓடுகிறது. எல்லையின் இரு முனைக்கும் நேராக ஒரு கயிறு கட்டு. கயிற்றிலிருந்து அதிகம் விலகிய புள்ளியைப் பார். விலகல் பத்து மீட்டருக்குள் என்றால் நடுவில் உள்ள எல்லாவற்றையும் எறி. அதற்கு மேல் என்றால் அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு, இரு பக்கமும் புதிதாகக் கயிறு கட்டு. அருமையான முறை. ஆனால் ஒவ்வொரு வார்டையும் தனித்தனியாக எடுத்துச் செய்தால் கயிறு கட்டும் முனைகள் வேறாகிவிடும். ஒரே பொது எல்லையில் இவர் வைத்துக்கொண்ட புள்ளியை அவர் எறிந்திருப்பார். விளைவு, இங்கே ஓர் இட்டேரி, அங்கே இரண்டு வார்டும் சொந்தம் கொண்டாடும் ஒரு துண்டு.

மருந்து அப்புச்சி பத்திரத்தில் இருக்கிறது. வார்டைத் தனி வேலியாக எழுதாமல், பொது எல்லையை ஒரே ஒரு முறை எழுதி, இதன் இடப்பக்கம் இந்த வார்டு, வலப்பக்கம் அந்த வார்டு என்று குறித்துவிட்டால் போதும். கோடு ஒன்றுதான் என்பதால் குறைத்தாலும் நகர்த்தினாலும் இருவருக்கும் சேர்ந்தே நகரும். டோப்போஜேசன் என்ற வடிவமும் பொது எல்லையை இப்படி ஒரே முறைதான் சேமிக்கிறது. கோப்பும் சிறுக்கும்.

இதெல்லாம் எல்லை தரவாகக் கிடைத்தால்தான். பல ஊர்களில் இன்னும் கோணலாக வருடிய பிடிஎஃப் படம்தான் கிடைக்கிறது. நாலு வார்டுக்கு ஒரே பச்சை நிறம், வார்டு எண் மடிப்பில் மறைந்திருக்கும். அதைப் பார்த்துத் தலையாட்டலாம், தெருவிளக்கு யாருடையது என்று கேட்க முடியாது. தரவாகவே கிடைத்தாலும் கவுண்டம்பாளையத்தை ஒருவர் ஆங்கில ஜி-யிலும் இன்னொருவர் கே-யிலும் தொடங்கியிருப்பார். கணினிக்கு அவை இரண்டு ஊர். கொங்கு நாட்டில் பாளையங்களுக்கா பஞ்சம்? பெயரை நம்பாமல் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் அரசு தந்திருக்கும் எண்ணை வைத்துப் பொருத்துவதே நல்லது.

கோப்பில் தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சிக்குப் பத்தரை லட்சம் பேர். அதே ஆண்டு குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் சரவணம்பட்டி, துடியலூர், வடவள்ளி உள்ளிட்ட பேரூராட்சிகளும் சேர்ந்து 72 வார்டு 100 ஆனது. அதே கணக்கெடுப்பை விரிந்த எல்லைக்குள் கூட்டினால் சுமார் 16 லட்சம். ஒட்டிய நகர்ப்புறம் முழுவதையும் சேர்த்தால் 21 லட்சத்துக்கு மேல். யாரும் புதிதாகக் குடிவரவில்லை. பழைய எல்லையின் எண்ணையும் புதிய எல்லையின் எண்ணையும் அருகருகே வைத்து, கோவை அசுர வளர்ச்சி என்று எழுதிய கட்டுரைகளை நானே படித்திருக்கிறேன்.

அக்காவின் இட்டேரி பற்றிப் படம் பிடித்து, புள்ளிகளோடு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. விளக்கு மட்டும் இரண்டு வாரம் முன்பே எரியத் தொடங்கிவிட்டது. எப்படி என்று கேட்டேன். "எதிர்த்த வீட்டுக் கேட்டுக்கிட்டப் போய் நின்னு அனுப்புனேன், உடனே எடுத்துக்கிச்சு" என்றாள். தெருவுக்கு அந்தப் பக்கம் எட்டடி. இப்போதெல்லாம் குப்பை வண்டி வராவிட்டாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் கைபேசியோடு அங்கேதான் போய் நிற்கிறாள்.