மரபணுத்தொகை வரிசையறிதல்: ஒரு சொல்லும் கரும்பும்

ஓர் உயிரின் டி.என்.ஏ. எழுத்துகளை முழுவதுமாகப் படித்தறியும் ‘ஜீனோம் சீக்வென்சிங்’ என்பதைப் பலரும் ‘மரபணு வரிசைப்படுத்தல்’ என்று எழுதுகிறார்கள். இந்தத் தொடரில் இரண்டு பிழைகள் உள்ளன. கரும்பை எடுத்துக்கொண்டால் இரண்டும் பளிச்சென்று தெரியும்.

முதல் பிழை ‘மரபணு’. மரபணு என்பது ஜீன். அந்தச் சொல்லை 1909இல் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் யோகான்சன் ஆக்கினார். 1920இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர் அதனோடு குரோமோசோம் என்பதன் இறுதியை ஒட்டி ‘ஜீனோம்’ என்றார். அவர் குறித்தது, ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரு பிரதி மட்டும் கொண்ட ஒற்றைத் தொகுதியை. தமிழில் ‘மரபணுத்தொகை’ இதற்குப் பொருந்தும். எட்டுத்தொகையில் வரும் அதே ‘தொகை’தான். ஜீன்களுக்கு இடையில் கிடக்கும் நீண்ட டி.என்.ஏ. பகுதிகளும் இதில் அடக்கம் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

கரும்பின் மரபணுத்தொகை எவ்வளவு பெரியது? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. இன்று பயிரிடப்படும் ரகங்கள் கலப்பினங்கள். சாறு மிகுந்த தடித்த கரும்பான சக்காரம் அஃபிசினேரத்தை, நோயையும் வறட்சியையும் தாங்கும் காட்டு இனமான சக்காரம் ஸ்பான்டேனியத்தோடு சேர்த்தும், பிறகு மீண்டும் தடித்த கரும்போடு சேர்த்தும் வந்தவை. 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் கோ 205, தடித்த கரும்பையும் காட்டு இனத்தையும் நேரடியாகச் சேர்த்துப் பிறந்த முன்னோடி ரகம். தடித்த கரும்பில் 80 குரோமோசோம்கள்; காட்டு இனத்தில் 40 முதல் 128 வரை; கலப்பின ரகங்களில் ஏறத்தாழ 100 முதல் 130 வரை. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் எட்டு முதல் பன்னிரண்டு பிரதிகள் இருக்கும், அவையும் சம எண்ணிக்கையில் இருப்பதில்லை. எல்லாவற்றையும் எண்ணினால் ஏறத்தாழ 1,000 கோடி கார இணைகள் (டி.என்.ஏ.யின் எழுத்து இணைகள்), மனிதனின் ஒற்றைத் தொகுதியைப்போல மூன்று மடங்கு. விங்க்ளர் சொன்ன ஒற்றைத் தொகுதியை மட்டும் எண்ணினால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே வரும். எதைச் சொல்கிறோம் என்று தெளிவாகக் குறிக்காவிட்டால் படிப்பவர் தடுமாறுவார்.

இந்தப் பல பிரதி நிலைக்கு ‘பாலிபிளாய்டி’ என்று பெயர். அதன் கிரேக்க மூலத்துக்கு ‘பல மடங்கு’ என்று பொருள். நம்மிடம் இருமடி, நான்மடி, எண்மடி என்ற கணக்கு ஏற்கெனவே இருப்பதால் ‘பன்மடியம்’ ஒட்டவைத்த சொல்லாகத் தெரியவில்லை.

இரண்டாம் பிழை ‘வரிசைப்படுத்தல்’. சீக்வென்ஸ் என்பதன் இலத்தீன் வேருக்குப் ‘பின்தொடர்’ என்று பொருள். டி.என்.ஏ.யில் கார எழுத்துகள் ஏற்கெனவே வரிசையாகத்தான் நிற்கின்றன. நாம் வரிசைப்படுத்த எதுவும் இல்லை, அறிய மட்டுமே முடியும். ஆகவே ‘வரிசையறிதல்’. அறிந்த துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் அடுத்த வேலைக்குத் ‘தொடுத்தல்’ என்று தனிச் சொல் வேண்டும். கரும்பில் சிக்கல் பெரும்பாலும் தொடுத்தலில்தான்.

வேலை குருத்து இலையில் தொடங்குகிறது. முதிர்ந்த இலையில் சர்க்கரைப் பொருள்களும் பாலிபீனால்களும் டி.என்.ஏ.யோடு ஒட்டிக்கொண்டு வந்து நொதிகளை முடக்கிவிடும். திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைத்து, முதலில் உட்கருக்களைப் பிரித்தால் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. கலப்பதும் குறையும். டி.என்.ஏ.யின் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளியுறிஞ்சு விகிதம் (எண்கள் நானோமீட்டர் அலைநீளங்கள்) 1.8 அருகிலும், 260/230 விகிதம் 2.0 அருகிலும் இருக்க வேண்டும். இரண்டாவது தாழ்ந்தால் சர்க்கரைப் பொருள் தங்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம். வேகமாகக் குலுக்கினால் நீண்ட இழைகள் அறுந்துவிடும், பிறகு நீண்ட துண்டுகளாகப் படிக்கும் நீள் வாசிப்புக்கு அவை உதவா.

150 எழுத்து நீளமுள்ள குறுந்துண்டுகளால் கரும்பைத் தொடுக்க முடியாது. பன்னிரண்டு பிரதிகளும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் கணினி அவற்றை ஒன்றாக ஒட்டிவிடும், வேறுபாடு அழிந்துபோகும். 15,000 எழுத்துக்கு மேல் நீளமும் நூற்றுக்கு 99.9 துல்லியமும் உள்ள நீள் வாசிப்புகள் வந்த பின்புதான் பிரதிகளைப் பிரித்தறிவது சாத்தியமானது. குரோமோசோம் நெடுக வரிசையை உறுதிசெய்ய உட்கருவில் எந்தப் பகுதிகள் அருகருகே இருக்கின்றன என்று காட்டும் ஹை-சி போன்ற அண்மைத் தொடர்பு முறைகள் துணைநிற்கின்றன.

ஒவ்வோர் இடமும் சராசரியாக எத்தனை முறை வாசிக்கப்படுகிறது என்ற வாசிப்பு ஆழத்திலும் பலர் தவறுகிறார்கள். ஒரு வேறுபாடு பன்னிரண்டில் ஒரே பிரதியில் மட்டும் இருந்தால், 30 வாசிப்புகளில் சராசரியாக இரண்டரைதான் அதைக் காட்டும். நூற்றுக்கு ஏழு இடங்களில் ஒன்றுகூடக் காட்டாது. 120 ஆழத்தில் பத்து வாசிப்புகள் கிடைக்கும், அப்போதுதான் அதைப் பிழையிலிருந்து நம்பிக்கையோடு பிரிக்கலாம். இருமடிய நெல்லுக்குப் போதுமான ஆழத்தைக் கரும்புக்கும் எடுத்துக்கொள்வது வீண் செலவில் முடியும்.

2018இல் காட்டு இனத்தின் வரிசையும், ரியூனியன் தீவின் ஆர் 570 ரகத்தின் ஒற்றைத் தொகுதி வரிசையும் வெளிவந்தன. பின்னதற்கு உறவினமான சோளத்தின் குரோமோசோம் ஒழுங்கு வழிகாட்டியது. 2024இல் அதே ஆர் 570இன் பல பிரதிகளையும் பிரித்துத் தொடுத்து 870 கோடி எழுத்துகள் வரை வெளியிட்டார்கள். பழுப்புத் துரு நோயைத் தடுக்கும் ‘புரூ 1’ என்ற குரோமோசோம் பகுதி இருப்பதாக நெடுநாளாகத் தெரியும். அந்த இடத்தில் அருகருகே உள்ள இரண்டு மரபணுக்கள் அதற்குக் காரணமாகலாம் என்று இந்த வரிசை காட்டியது.

இனப்பெருக்கம் செய்பவருக்கு இதன் பயன் உடனடியானது. ஒரே பிரதியில் உள்ள எதிர்ப்பு மரபணு நாற்றுகளில் ஏறத்தாழப் பாதிக்கே போகும். எந்த நாற்றுக்குப் போனது என்பதை இலைத் துண்டைச் சோதித்தே சொல்லிவிடலாம். வயலில் நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.