ஸ்டோர் கார்டு: அங்காடிக் கடன் அட்டை

வணிக உலகில் 'ஸ்டோர் கார்டு' என்று வழங்குவது ஒரு கடையின் பெயரைத் தாங்கி வரும் கடன் அட்டை. அந்தக் கடையிலும் அதன் கிளைகளிலும் மட்டுமே செல்லுபடியாவதை 'பிரைவேட் லேபிள் கார்டு' என்பார்கள். கடையின் பெயரோடு விசா, மாஸ்டர்கார்டு போன்ற ஒன்றின் சின்னமும் சேர்ந்து எங்கும் செல்லுபடியானால் அது 'கோ-பிராண்டட் கார்டு'. இன்று பெரும்பாலும் இரண்டிலும் கடன் கொடுப்பது வங்கி. கடை தன் பெயரையும் வாடிக்கையாளரையும் கொடுக்கிறது.

கடன் அட்டை என்றதும் வங்கிதான் நினைவுக்கு வரும். ஆனால் இதில் முந்திக்கொண்டது கடை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்காவின் பெரிய பல்பொருள் அங்காடிகள் தங்கள் நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளர்களுக்குச் சிறு உலோக வில்லைகளைக் கொடுத்தன. வில்லையில் கடையின் பெயர், கணக்கு எண், சாவி வளையத்தில் கோத்துக்கொள்ள ஒரு துளை. 1928இல் 'சார்ஜா-பிளேட்' என்ற உலோகத் தகடு வந்தது. வாடிக்கையாளரின் பெயரும் ஊரும் அதில் புடைப்பெழுத்தாக இருக்கும். பின்புறத்தில் கையெழுத்துக்கு ஒரு தாள். விற்பனையாளர் தகட்டைச் சிறு அச்சுக்கருவியில் வைத்து மைநாடாவோடு அழுத்தினால் ரசீதில் பெயர் பதிந்துவிடும். ஒரு கடைக்கு மட்டும் என்றில்லாமல் பல இடங்களில் செல்லுபடியான டைனர்ஸ் கிளப் அட்டை 1950இல்தான் வந்தது. பாங்க் ஆஃப் அமெரிக்காவின் அட்டை 1958இல்.

'கிரெடிட்' என்பதன் வேர், நம்புதல் என்று பொருள்படும் 'கிரேதெரே' என்ற லத்தீன் வினை. கொடுப்பவரின் நம்பிக்கையிலிருந்து பிறந்த சொல் அது. நம் 'கடன்' எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. சங்கப் பாடல்களில் கடன் என்றால் கடமை, செய்தே தீர வேண்டியது. வாங்கியவரின் தோளில் இருக்கும் சுமையை நம் சொல் மறைப்பதில்லை என்பதால், எனக்கு அதுவே கூடுதல் நேர்மையான சொல்லாகப் படுகிறது. 'பிராண்ட்' என்பது தீயைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல். கால்நடைகளுக்குச் சூடு போட்டு அடையாளம் இட்டதிலிருந்து வணிக முத்திரைக்கு வந்தது.

கடைக்கு இதனால் என்ன ஆதாயம்? வட்டிதான் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஒரு பங்கு ஒப்பந்தப்படி கடைக்கு வரக்கூடும் என்றாலும், அதற்கு முன்பே ஆதாயம் தொடங்கிவிடுகிறது. பொதுவான கடன் அட்டையைத் தேய்க்கும்போது விற்பனைத் தொகையில் ஒரு பகுதி வங்கிகளுக்கும் அட்டை நிறுவனத்துக்கும் கட்டணமாகப் போகிறது. குறைந்த லாபத்தில் நிறைய விற்கும் கடைக்கு அது சிறிய தொகை அல்ல. கடைக்குள் மட்டும் செல்லும் அட்டையில் அந்தக் கட்டணத்தின் பெரும்பகுதி மிச்சம். கடன் வங்கியின் கணக்கில் இருப்பதால் கடைக்குப் பணம் உடனே கிடைக்கிறது. வசூலிக்கும் தொல்லை வங்கிக்கு. புதிய அட்டை ஒவ்வொன்றுக்கும் வங்கி கடைக்கு ஒரு தொகை தருவதும் உண்டு.

இவற்றைவிடப் பெரியது, வாடிக்கையாளர் திரும்பி வருவது. 'வாடிக்கை' என்றாலே வழக்கம்தான்; அந்த வழக்கத்தை உண்டாக்குவதே அட்டையின் வேலை. அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் தன் அட்டைக்கு 5 சதவீதத் தள்ளுபடி தருகிறது. தள்ளுபடி கையில் இருக்கும்போது பக்கத்துக் கடைக்கு ஏன் போக வேண்டும்? யார் எதை, எப்போது, எவ்வளவு வாங்குகிறார் என்பதும் கடைக்குத் தெரிகிறது. கைக்காசு கணக்கு இல்லாததால் கூடையும் சற்றுக் கனமாகிறது.

இந்த வருமானத்தை நம்பி உட்கார்ந்துவிடவும் முடியாது. 2023இல் அமெரிக்காவின் மேசிஸ் அங்காடிக்கு அட்டை வருவாய் வெகுவாகக் குறைந்தது. வாடிக்கையாளர்கள் தவணை தவறியதே முக்கியக் காரணம். கடன் வங்கியுடையது என்றாலும், லாபத்தில் பங்கு பெறும் கடை வாராக்கடனின் சூட்டிலிருந்து தப்புவதில்லை.

தமிழில் எப்படி எழுதலாம்? பிரைவேட் லேபிள் கார்டுக்கு 'அங்காடிக் கடன் அட்டை', கோ-பிராண்டட் கார்டுக்கு 'இணை முத்திரைக் கடன் அட்டை' என்பது என் பரிந்துரை. கடையில் கணக்கு வைத்து வாங்குவதைப் 'பற்று' என்று எழுதும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் 'பற்று அட்டை' ஏற்கெனவே டெபிட் கார்டுக்கு நிலைத்துவிட்டது. புள்ளிகள் மட்டும் சேரும், கடன் இல்லாத லாயல்டி கார்டை 'வாடிக்கை அட்டை' எனலாம்.

விளம்பரங்களில் இவை அனைத்தையும் 'சலுகை அட்டை' என்று ஒரே பெயரில் அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். குறிப்பாக, 'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லில் கவனம் வேண்டும். இத்தகைய அட்டைகள் சிலவற்றில் வட்டி தள்ளுபடி ஆவதில்லை, ஒத்திவைக்கப்படுகிறது. கெடுவுக்குள் முழுத்தொகையும் கட்டாவிட்டால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். அதை 'ஒத்திவைத்த வட்டி' என்றே எழுத வேண்டும்.