நடுவில் எழுதாத வாக்கியம்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ஆறு வருடமாகச் சிறுகதை எழுதுகிறாராம். "சம்பவத்துக்குக் குறைச்சலே இல்லை சார். சண்டை, சாவு, கல்யாணம் எல்லாம் இருக்கு. ஆனா என் தங்கச்சியே மூணாம் பக்கத்துல மூடி வெச்சுடறா. கதையைக் கட்டுறதுக்குன்னு ஏதாவது சயின்ஸ் இருக்கா?" கூடவே தன் கதை ஒன்றையும் அனுப்பியிருந்தார்.

இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த பகுதியை முதலில் வேகமாகத் தாண்டிவிடுவோம். 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டி அனிமேஷன் படம் செய்தார்கள். பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு பெட்டி. அவ்வளவுதான். படத்தைப் பார்த்த 34 பேரிடம் என்ன நடந்தது என்று கேட்டபோது ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாகச் சொன்னார். மற்றவர்களுக்கு அது துரத்தலும் மிரட்டலும் தப்பித்தலுமாகத் தெரிந்தது. கதை கட்டும் வேலையை மூளை நம்மைக் கேட்டுச் செய்வதில்லை. 1980களில் டாம் டிரபாசோவும் சகாக்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு கதையில் காரண காரியச் சங்கிலியில் கோத்திருக்கும் சம்பவங்களே நினைவில் தங்குகின்றன. எதிலும் ஒட்டாமல் தனியே நிற்கும் சம்பவம், எவ்வளவு பரபரப்பானதாக இருந்தாலும், உதிர்ந்துவிடுகிறது. வாசகியின் சாவும் கல்யாணமும் ஏன் எடுபடவில்லை என்பதற்குப் பாதிப் பதில் இது.

மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்தது.

1984இல் ஜேனிஸ் கீனனும் சகாக்களும், 1987இல் ஜெரோம் மையர்ஸ் குழுவும் செய்த சோதனைக்கு வேண்டியது இரண்டே வாக்கியங்கள். இரண்டாவது வாக்கியம் எப்போதும் ஒன்றேதான்: மறுநாள் ஜோயியின் உடம்பெல்லாம் கன்றிப்போயிருந்தது. முதல் வாக்கியம் மட்டும் மாறும்.

ஜோயியை அவன் அண்ணன் குத்து குத்தென்று குத்தினான்.
சரிவில் வேகமாக வந்த ஜோயி சைக்கிளிலிருந்து விழுந்தான்.
ஜோயியின் கிறுக்குப்பிடித்த அம்மாவுக்கு அவன்மேல் கடும் கோபம் வந்தது.
ஜோயி பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனான்.

ஒவ்வொன்றையும் அந்த இரண்டாவது வாக்கியத்தோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். முதலாவது வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவதில் ஒரு கணம் நிற்பீர்கள். அம்மா அடித்தாள் என்று யாரும் எழுதவில்லை, ஆனால் அடி விழுந்ததை நீங்கள் பார்த்தீர்கள். நான்காவதில் விழிப்பீர்கள். எதிர்பார்த்தபடியே, காரணம் தூரமாகத் தூரமாகப் படிக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது.

ஆச்சரியம் நினைவில்தான். பிறகு ஒரு வாக்கியத்தைக் காட்டி மற்றதைச் சொல்லச் சொன்னபோது, மிக நெருங்கிய ஜோடி முதலிடத்துக்கு வரவில்லை. மிக விலகிய ஜோடியும் வரவில்லை. நடுவில் இருந்தவைதான் நன்றாக நினைவில் நின்றன. வரைபடம் போட்டால் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருக்கும்.

ஏன்? அண்ணன் குத்தினான், உடம்பு கன்றியது. இங்கே உங்களுக்கு வேலையே இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போனான், உடம்பு கன்றியது. இங்கே வேலை செய்யச் சாமான் இல்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தபோதுதான் நடுவில் ஒரு வாக்கியத்தை நீங்களே எழுதினீர்கள். அந்த வாக்கியம் உங்கள் கைவேலை. இரு பக்கத்தையும் அதுவே பிடித்துக்கொள்கிறது. இதைச் சோதிக்க மையர்ஸ் குழு பிறகு ஒரு வேலை செய்தது. ஜோடியைப் படித்ததும் நடுவே ஒரு இணைப்பை எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதியவர்களுக்கு நெருங்கிய ஜோடியும் பின்தங்கவில்லை.

2004இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மேசனும் மார்சல் ஜஸ்ட்டும் இதே வகை வாக்கியங்களை மூளை ஸ்கேனருக்குள் படிக்க வைத்தார்கள். மொழி என்றால் இடப்பக்க மூளை என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். இங்கே வலப்பக்க மொழிப் பகுதிகளின் செயல்பாட்டில் அதே கவிழ்த்த கிண்ணம் தெரிந்தது. நடுத்தர இடைவெளிக்கே அவை அதிகமாக விழித்தன.

ஸ்கேனர் இல்லாமலே மூல உண்மை கிடைத்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். வாக்கியங்கள், கடிகாரம், பொறுமையான ஆட்கள். ஒரே கல்லூரியில் தமிழ்த் துறையும் உளவியல் துறையும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாயில் செய்யக்கூடிய ஆராய்ச்சி இது. நம் மானியக் குழுக்களோ கருவி வாங்கக் கேட்டால் காது கொடுப்பார்கள், கேள்வியோடு போனால் "இதில் என்ன பயன்?" என்பார்கள். தமிழில் இதற்கு ஒரு தனிச் சுவாரசியமும் உண்டு. "மழை பெய்ததால் குளம் நிறைந்தது" என்றால் காரணத்தை எழுதியவரே சொல்லிவிட்டார். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்றால் மொழி காரணத்தைச் சொல்லவில்லை, ஒன்றன்பின் ஒன்று என்று மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறது. பாலத்தைக் கேட்பவர் போட்டுக்கொள்கிறார். இந்த வித்தியாசம் நினைவில் எவ்வளவு காட்டும் என்று அளந்து பார்க்க எனக்கு ஆசை.

இதே இயந்திரம்தான் வீட்டுக்குள் வேறு வேலையும் பார்க்கிறது. பூனை குறுக்கே போனது. வண்டி பஞ்சர். யாரும் "அதனால்" என்று சொல்லவில்லை, ஆனால் மனசு அதை எழுதிவிட்டது. தானே எழுதியதை மனசு சுலபமாக அழிக்காது. மூடநம்பிக்கையோடு வாதாடி நான் தோற்ற இடமெல்லாம் இதுதான். நல்ல வாசகராக இருக்கும் திறமையும் சகுனம் பார்க்கும் பலவீனமும் ஒரே பட்டறையில்தான் தயாராகின்றன.

சரி, வாசகியின் கதைக்கு வருவோம். அவர் அனுமதியோடு ஒரு வரி: "மகனின் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டப் பணம் இல்லாததால் சந்திரா மனவேதனையுடன் வளையலை அடகு வைத்தாள்." அண்ணன் குத்திய கதைதான் இது. காரணம், காரியம், உணர்ச்சி மூன்றையும் அவரே பரிமாறி, சாப்பிட்டும் முடித்துவிட்டார். தங்கைக்கு இலையில் ஒன்றுமில்லை. நான் இப்படி மாற்றிப் பார்த்தேன்: "ஃபோனில் மகன் கேட்ட தொகையைச் சந்திரா காலண்டர் ஓரத்தில் எழுதினாள். மறுநாள் சந்தையில் தெரிந்தவர்களைப் பார்த்தபோதெல்லாம் முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்." அடகு என்ற சொல்லே இல்லை. அடகுக் கடைப் படியேறிய குடும்பங்களுக்கு விளக்கமும் தேவையில்லை. ஏறாதவர்களுக்கு இந்த இடைவெளி கொஞ்சம் அகலம்தான். எல்லோருக்கும் ஒரே அளவு தூரம் என்று எதுவும் கிடையாது.

ஆய்வாளர்கள் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கதாசிரியருக்குப் பத்துப் பக்கம் இருக்கிறது. நான்காவது ஜோயி அங்கே வேறு ஆளாகிவிடுகிறான். இரண்டாம் பக்கத்தில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, பக்கத்து வீட்டுக்காரர் கொய்யா மரத்தடியில் சாத்தி வைத்த ஏணிக்கு ஒரு படி இல்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள். நாலாம் பக்கத்தில் ஜோயிக்குக் கொய்யா என்றால் உயிர் என்று வரட்டும். ஒன்பதாம் பக்கத்தில் "ஜோயி பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனான்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே விடிய வைத்துவிடலாம்.