"வீட்டிலிருந்தே வேலை செய்யலாமே?": பிரிட்டனின் வேலைத்திறன் மதிப்பீட்டில் நடந்ததும் நடப்பதும்

பிரிட்டனில் உடல்நிலை காரணமாக யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் கூடுதல் தொகை கேட்பவர்களிடம், சமதரையில் நிற்காமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்பார்கள். கைத்தடியோ கையால் தள்ளும் சக்கர நாற்காலியோ இருந்தால் அதையும் சேர்த்துத்தான் கணக்கு. 50 மீட்டர்கூட முடியாது, அல்லது ஒருமுறை போய்விட்டு உடனே மறுபடி போக முடியாது என்றால் 15 புள்ளி. அதோடு அவர் வேலை தேடவோ அதற்குத் தயாராகவோ தேவையில்லாத பிரிவுக்குப் போய்விடுவார். 2023 செப்டம்பரில் அரசு இந்த விதியின் மேலேயே கை வைத்தது. லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்கிற காலத்தில் 50 மீட்டர் நடந்து எங்கே போக வேண்டும் என்பதுதான் அரசின் வாதம்.

கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. அதனால்தான் இதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சோதனைக்குப் பெயர் வேலைத்திறன் மதிப்பீடு. 2008-இல் வந்தது. உடல், மனம் சார்ந்த 17 செயல்களுக்குப் புள்ளி போடுவார்கள். முடிவு மூன்றில் ஒன்று. வேலைக்குத் தகுதி என்று வந்தால், மற்றவர்களைப் போல வாரத்துக்கு 35 மணி நேரம் வரைகூட வேலை தேடச் சொல்லலாம். இப்போதைக்கு வேலைத்திறன் குறைவு என்று வந்தால் வேலை தேட வேண்டாம், ஆனால் அதற்குத் தயாராக ஜாப் சென்டர் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் சொல்வதைச் செய்ய வேண்டும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு இந்த நடுப்பிரிவில் கூடுதல் பணம் கிடையாது. மூன்றாவது பிரிவில்தான் நிபந்தனையும் இல்லை, கூடுதல் தொகையும் உண்டு. சண்டை முழுக்க இந்த மூன்றாவது பிரிவுக்காகத்தான்.

பிப் என்ற உதவித்தொகையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஊனத்தால் வரும் கூடுதல் செலவுக்கானது. வேலையில் இருப்பவரும் வாங்கலாம், சம்பளத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை.

அப்போதைய வேலை, ஓய்வூதியத் துறை அமைச்சர் மெல் ஸ்ட்ரைட் 2023 செப்டம்பர் 5-இல் கருத்துக்கேட்பைத் தொடங்கினார். எட்டு வாரம்தான் அவகாசம். நடமாட்டம், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, மற்றவர்களோடு பழகுவது, தனியாக வெளியே போய்வருவது ஆகிய நான்கு செயல்களுக்கான புள்ளிகளைக் குறைக்கலாம், மாற்றலாம், அல்லது அடியோடு நீக்கலாம் என்று யோசனைகள் வைத்தார்கள். நடமாட்டத்தில் 50 மீட்டரை 20 ஆக்கலாம் என்பதும் அதில் ஒன்று. ஐந்தாவதாக, வேலைக்கான தயாரிப்பில் தள்ளினால் உயிருக்கோ மனநலத்துக்கோ பெரிய ஆபத்து வரும் என்றால் காப்பாற்றுகிற விதியையும் இறுக்கப் பார்த்தார்கள். அந்த நவம்பரில் சிறுநீர் மலம் அடக்க முடியாமை, மற்றவர்களோடு பழகுவது இரண்டையும் மாற்றாமல் விட்டுவிட்டு, மற்றதை 2025 முதல் புதிதாக வருபவர்களுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள்.

வீட்டிலிருந்தே வேலை என்ற வாதத்தில் எனக்குப் பிடிபடாத இடம் ஒன்று உண்டு. 50 மீட்டர் என்பது பஸ் நிறுத்தம் வரை போக முடியுமா என்பதற்கான அளவு மட்டுமா? அந்தத் தூரம் போக முடியாதவருக்குப் பெரும்பாலும் மூட்டில் வலி இருக்கும், மூச்சு வாங்கும், இல்லை என்றால் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே களைத்துப்போகிற உடல் இருக்கும். அந்த வலியும் களைப்பும் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் வாசலில் செருப்போடு கழன்றுவிடுமா? கழிவறை விஷயமும் அப்படித்தான். சொந்தக் கழிவறை பக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் வரிசையாக அழைப்பு வந்துகொண்டே இருக்கிற வேலையில், முன்னறிவிப்பு இல்லாமல் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எழுந்து ஓடுவதை எத்தனை மேலாளர் பொறுப்பார்கள்? மனிதர்களைப் பார்த்தாலே பதற்றம் வருகிறவருக்கு, திரையில் ஒன்பது முகம் தெரிகிற வீடியோ கூட்டம் அலுவலகத்தைவிட லேசு என்றும் சொல்ல முடியாது.

இன்னொன்று, வீட்டிலிருந்து செய்கிற வேலை எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கவில்லை. வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்யும் வாய்ப்பு, எந்தக் கல்வித் தகுதியும் இல்லாதவர்களைவிடப் பட்டதாரிகளுக்குப் பத்து மடங்கு அதிகம் என்று அந்நாட்டுத் தேசியப் புள்ளிவிவர அலுவலகமே 2024-இல் சொன்னது. கிடங்கிலும் சமையலறையிலும் இருபது வருடம் நின்று முதுகு போனவருக்கு இது எந்த ஊர் வேலை? லண்டனில் ஒரே அறையில் குடும்பமாக இருக்கும் நம்மவர்களுக்கு மேசை போட இடம் எங்கே என்பது தனிக் கதை. மதிப்பீட்டாளர் இதையெல்லாம் எழுதுவதில்லை. உங்களை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்பது அந்தச் சோதனையில் கேள்வியே இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்புகிற மாற்றுத்திறனாளிகள் பலர் இருக்கிறார்கள், அதை மறுப்பதற்கில்லை. அவர்களுக்குச் சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளே வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்கலாம், முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் 2010 சமத்துவச் சட்டப்படி நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டிய கடமையும் முதலாளிக்கு உண்டு. ஆனால் கேட்கும் உரிமைதான் அது, கிடைக்கும் உரிமை இல்லை. தொழில் காரணம் காட்டி மறுக்கவும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். கேட்டால் மறுக்கக்கூடிய ஒன்றை, கட்டாயம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு ஒருவரின் பணத்தைக் குறைப்பது எந்தக் கணக்கு?

எலன் கிளிஃபோர்ட் என்ற மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் 2023 கருத்துக்கேட்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 ஜனவரி 16-இல் அந்தக் கருத்துக்கேட்பே சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. மக்களை வேலைக்குக் கொண்டுவரும் ஏற்பாடாகக் காட்டினார்கள், செலவைக் குறைக்கும் நோக்கத்தைத் திறந்து சொல்லவில்லை. பலர் மாதம் 416.19 பவுண்ட் இழப்பார்கள் என்பது தெளிவாக இல்லை. எட்டு வாரம் போதாது. இந்த மூன்றும்தான் தீர்ப்பின் முக்கியமான காரணங்கள். 2028-29 வாக்கில் பாதிக்கப்படுவோர் 4,24,000 பேர் என்பது கணக்கு. அவர்களில் வேலைக்குப் போவார்கள் என்று எதிர்பார்த்தது 15,000 சொச்சம்தான்.

ஆட்சி மாறியிருந்தது. 2025 மார்ச் 18-இல் வந்த பச்சை அறிக்கையில், அதாவது கொள்கை யோசனைகளை முன்வைக்கும் அரசு ஆவணத்தில், புதிய அரசு அந்தப் புள்ளி மாற்றங்களைக் கைவிட்டது. ஆகவே 50 மீட்டர் விதி அப்படியே இருக்கிறது. "வீட்டில் வேலை பார்க்கலாமே, இனி நடமாட்டத்துக்குப் புள்ளி இல்லையாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பணத்தில்தான் வெட்டு விழுந்தது. 2025-இன் யுனிவர்சல் கிரெடிட் சட்டப்படி, 2026 ஏப்ரல் 6 முதல் புதிதாக மூன்றாவது பிரிவுக்கு வருபவருக்குக் கூடுதல் தொகை மாதம் 217.26 பவுண்ட். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும், குணமாகாத கடும் நோய் உள்ளவர்களுக்கும், வாழ்நாள் முடிவை நெருங்குபவர்களுக்கும் 429.80. பிப்பில் குறைந்தது ஒரு செயலிலாவது நான்கு புள்ளி வேண்டும் என்ற நிபந்தனையை, ஆளுங்கட்சி எம்.பி.க்களே எதிர்த்ததால் அதே சட்டத்தின் மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலைத்திறன் மதிப்பீட்டையே ஒழித்து, கூடுதல் தொகையைப் பிப்போடு இணைப்பது அந்த அறிக்கையில் சொன்ன நீண்டகாலத் திட்டம்.

மதிப்பீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "பரவாயில்லை" என்பது நம் வாய்ப்பழக்கம். அங்கே அது அறிக்கையில் ஏறிவிடும். படிவத்தில் நடந்த தூரத்தை மட்டும் எழுதாமல், நடந்த பிறகு எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருந்தது, மறுபடி எழுந்து நடக்க முடிந்ததா என்பதையும் எழுதுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள், காசில்லை. பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பேசவைத்தால், கழிவறைச் சங்கதியைப் பெற்றோரும் சொல்லத் தயங்குவார்கள், பிள்ளையும் முழுதாகச் சொல்லாது. முடிவு பாதகமாக வந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதுவும் தோற்றால், அந்தக் கடிதத் தேதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விசாவில் பொதுநிதி, அதாவது இப்படிப்பட்ட அரசு உதவித்தொகை, பெறத் தடை என்று இருந்தால் இவற்றில் எதற்கும் விண்ணப்பிக்காமல், முதலில் குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.