வடை அப்படியே இருக்கிறது

எலி, பூச்சிக் கட்டுப்பாட்டு வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் எனக்கு முதலில் காட்டுவது பெரும்பாலும் பொறியைத்தான். சென்ற மாதம் போன மளிகைக் கடையிலும் அப்படித்தான். கடை நடுவே கூண்டுப் பொறி, உள்ளே மூன்று நாளாகக் கல்லாகிப்போன மசால் வடை. ஐந்தடி தள்ளி, துவரம் பருப்பு மூட்டையின் அடி மூலையில் ஓட்டை. "எலிக்கு நம்ம தெரு வடை பிடிக்கவில்லை போலிருக்கிறது, சார்" என்றார் கடைக்காரர். வடை நன்றாகத்தான் இருந்திருக்கும். வைத்த இடம்தான் சரியில்லை.

மூட்டைக்கு அடியில் கிடந்த புழுக்கைகள் அரிசியைவிடச் சிறியவை, முனை கூரானவை. ஆக, வந்திருப்பது சுண்டெலி. பெரிய எலிக்கும் இதற்கும் சாப்பாட்டு வழக்கமே வேறு. பெரிய எலி புதிதாக எதைக் கண்டாலும் சில நாள் ஒதுங்கி நிற்கும். சுண்டெலி உடனே வந்து முகர்ந்து பார்க்கும். ஆனால் ஓரிடத்தில் உட்கார்ந்து வயிறு நிறையத் தின்னாது. ஒரு நாளைக்கு அதற்கு வேண்டியது சுமார் 3 கிராம், ஒரு தேக்கரண்டி அரிசிகூட இல்லை. அதையும் இருபது முப்பது தடவையாக, இங்கே ஒரு கடி அங்கே ஒரு கடி என்று கொறித்து முடிக்கும். பொழுது சாய்ந்ததும் ஒரு சுற்று, விடியுமுன் ஒரு சுற்று. கூட்டிலிருந்து பெரும்பாலும் பத்து மீட்டருக்குள்தான் நடமாட்டம், அதுவும் சுவரை ஒட்டியே. நடுத்தரையில் உட்கார்ந்திருந்த வடையின் பக்கம் அது வந்திருக்கவே வாய்ப்பு குறைவு.

3 கிராம்தானே, தின்றுவிட்டுப் போகட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. தின்பது நமக்குப் பெரிய நட்டமில்லை. ஒரு சுண்டெலி நாளொன்றுக்கு ஐம்பதுக்கும் மேல் புழுக்கை போடும், போகிற வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடும். ஒரு மூட்டையில் கைப்பிடி பருப்புக் குறைந்திருக்கிறதென்றால், விற்க முடியாமல் போனது மூட்டையே. சால்மோனெல்லா கிருமியும் எலிக்காய்ச்சலும் பரவுவது இந்தக் கழிவுகளின் வழியாகத்தான்.

தண்ணீரை மூடி வைத்தால் போய்விடுமா என்று கேட்கிறார்கள். பெரிய எலிக்கு அது ஓரளவு உதவும். சுண்டெலியோ தானியத்தில் இருக்கும் ஈரத்தை வைத்தே பல நாள் ஓட்டிவிடும். இன்னொன்று எனக்கு எப்போதும் வியப்பு: ஒரு சுண்டெலி மற்றொன்றின் வாயை முகர்ந்து, அது தின்றுவந்ததையே தானும் தேடிப் போகும். பருப்பு மூட்டைக்கு ஒன்று வழி கண்டுபிடித்தால் மற்றவற்றுக்கும் சேதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடையில் சிறு அடிப்பொறிகள் பன்னிரண்டு வைத்தேன், சுவரோரமாக இரண்டு மீட்டருக்கு ஒன்று. இரை, பட்டாணி அளவு அரைத்த நிலக்கடலை. தானியம் குவிந்து கிடக்கும் இடத்தில் கொழுப்புள்ள இரைக்குத்தான் மதிப்பு. பெரிய துண்டாக வைத்தால் கவ்விக்கொண்டு ஓடிவிடும். பசைபோல் ஒட்டியிருந்தால் நின்று நக்கியாக வேண்டும். மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி, சுவரைவிட்டு ஓரடி தள்ளி அடுக்கச் சொன்னேன். நான்கு இரவில் ஒன்பது சிக்கின. கூடு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறச் சூட்டில், கிழிந்த செய்தித்தாளும் சாக்கு நூலுமாக இருந்தது.

மருந்து வைத்தால் போதாதா என்று அவரும் கேட்டார். சுண்டெலி பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதால், ஒரே மூலையில் குவித்த மருந்து அப்படியே கிடக்கும். கிடப்பதைக் குழந்தை எடுக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைப் பற்றிக் கோபமாகவே சொல்கிறேன்: தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை இருக்கிறது, அது கல்லீரலை அழிக்கும், அதற்கு மாற்றுமருந்து கிடையாது. அதை பிஸ்கட்டில் தடவிச் சமையலறையில் வைப்பவர்களை இன்னமும் பார்க்கிறேன். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் நாள் வாந்தி நின்று, ஆள் தெளிந்துவிட்டதுபோல் தெரியும். கல்லீரல் பாதிப்பு அதற்குப் பிறகுதான் தலைகாட்டும்.

ஐந்தாம் நாள் கடைக்காரர் மறுபடியும் அழைத்தார். பழைய கூண்டுப் பொறியைக் கரப்பான் பூச்சி அதிகமுள்ள பின்கட்டில் வைத்திருந்தாராம். பத்தாவது சிக்கிவிட்டது என்றார். போய்ப் பார்த்தால் நீண்ட மூக்கு, குட்டிக் கண், குப்பென்று ஒரு வாடை. மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. பருப்புக்காக மூட்டையைக் கடிப்பதும் இல்லை. அதன் தீனி கரப்பானும் புழுவும் பூச்சியும். கூண்டைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிட்டேன்.